ஓகே: இரண்டு எழுத்து, இரண்டுமே தப்பு

கோலாலம்பூர் செந்தூலில் ஒரு சின்ன அச்சகத்தில் வேலை செய்கிறேன். கல்யாணக் கார்டு, கோயில் திருவிழா நோட்டீஸ், நினைவு நாள் கார்டு, வருஷக் கடைசியில் நாள்காட்டி, இவ்வளவுதான் எங்கள் பிழைப்பு. அச்சுக்குப் போகும் முன் ப்ரூஃபை வாட்ஸ்அப்பில் அனுப்புவோம், வாடிக்கையாளர் "ஓகே" என்று போட்டால் மெஷினை ஓட்டுவோம். பல வருஷம் இப்படியே ஓடியது. போன வருஷம் ஒரு கல்யாணக் கார்டு, 500 பிரதி. பெண்ணின் அப்பா "ஓகே" போட்டார், நாங்களும் அடித்து, மடித்து, உறையில் போட்டு, மூலையில் மஞ்சள் தடவிக் கட்டிக் கொடுத்துவிட்டோம். மறுநாள் காலையில் கடை திறப்பதற்கு முன்பே மனிதர் வாசலில் நிற்கிறார். பெண்ணின் பெயர் நடுவில் இருக்க வேண்டிய ஒரு 'ச்' காணோம்.

"அங்கிள், நீங்கதானே ஓகே போட்டீங்க?" என்று போனைக் காட்டினேன்.

"தம்பி, ஓகேன்னா வந்து சேர்ந்துச்சுன்னு அர்த்தம். சரியா இருக்குன்னு நான் எப்போ சொன்னேன்?"

அவர் சொன்னதில் தப்பே இல்லை, அதுதான் கடுப்பு. கடைசியில் பாதிச் செலவு அவர், பாதி நாங்கள் என்று பேசி முடித்தோம். அன்றிலிருந்து இந்த இரண்டெழுத்தை நான் சும்மா விடவில்லை. எங்கே பிறந்தது, எப்படி இங்கே வந்தது, ஒருவர் அதைச் சொல்லும்போது உண்மையில் என்ன சொல்கிறார் என்று தேடித் தேடிப் படித்ததைப் படிப்படியாக இங்கே எழுதுகிறேன். ஆங்கிலம் பேசும்போதும் உதவும், நம் தமிழில் கலந்து பேசும்போதும் உதவும்.

முதல் படி: இது எந்த ஓகே?

ஓகே ஒரு சொல் போலத் தெரிந்தாலும் குறைந்தது ஐந்தாறு வேலை பார்க்கிறது. ஒன்று, "வந்தது, பார்த்தேன்". அந்த அங்கிளின் ஓகே இந்த வகை. இரண்டு, "சம்மதம், செய்யுங்கள்". எங்கள் அச்சகம் அப்படித்தான் எடுத்துக்கொண்டது. மூன்றாவது தரம் பற்றியது: சாப்பாடு எப்படி என்று கேட்டால் "ஓகே" என்கிறோமே, அந்த ஓகே. சமைத்தவர் முகத்தைப் பாருங்கள், சந்தோஷம் இருக்காது. நான்காவது, படியில் வழுக்கி விழுந்த பிள்ளையைத் தூக்கிவிட்டு "ஓகேயா?" என்று கேட்பது, அதாவது அடி ஒன்றும் படவில்லையே என்பது. ஐந்தாவது ஓகேக்கு அர்த்தமே கிடையாது, அது ஒரு கதவு: கூட்டத்தில் தலைவர் "ஓகே, அடுத்து" என்பார், முந்தைய பேச்சு முடிந்தது, அவ்வளவுதான்.

இதில் கவனிக்க வேண்டியது, எந்த வேலையிலும் ஓகே எதையும் பாராட்டுவதில்லை. தடை இல்லை, போகலாம் என்று மட்டும் சொல்லிவிட்டு ஒதுங்கிக்கொள்கிறது. பச்சை விளக்கு எரிந்தால் சாலை அழகாக இருக்கிறது என்றா அர்த்தம்?

ஆறாவது ஒன்று இருக்கிறது, அது கண்ணி. யாராவது "தே தாரிக் வேணுமா?" என்று கேட்கிறார்கள். "ஓகே" என்றால் வேண்டும். "ஐ'ம் ஓகே" என்றால் வேண்டாம்! அதே சொல், முன்னால் ஒரு 'ஐ'ம்' சேர்ந்ததும் அர்த்தம் தலைகீழ். "இப்படியே நன்றாக இருக்கிறேன், எனக்கு ஒன்றும் தேவையில்லை" என்பதன் சுருக்கம் அது. புதிதாக ஆங்கிலம் பேசத் தொடங்கியவர்கள் இந்த இடத்தில் தேநீர் கிடைக்காமல் உட்கார்ந்திருப்பதை நானே பார்த்திருக்கிறேன்.

எது எந்த ஓகே என்று கண்டுபிடிக்க என்னிடம் ஒரு சுலபமான வழி உண்டு. அந்த இடத்தில் ஒரு தமிழ்ச் சொல்லை வைத்துப் பாருங்கள். "சரி" உட்கார்ந்தால் அது முதலாவதோ இரண்டாவதோ ஐந்தாவதோ. "பரவாயில்லை" அல்லது "சுமார்" உட்கார்ந்தால் மூன்றாவது. "ஒண்ணும் ஆகலையே" உட்கார்ந்தால் நான்காவது. "சரி" என்ற நம்முடைய சொல்லுக்கும் அதே வியாதி உண்டு என்பதைக் கவனித்தீர்களா? அம்மா நீளமாக ஏதோ சொல்லி முடித்ததும் "சரிம்மா" என்கிறோம். கேட்டுக்கொண்டேன் என்பதா, செய்கிறேன் என்பதா? அம்மாவுக்குத் தெரியும். வாட்ஸ்அப்புக்குத் தெரியாது. மேலே சொன்ன வைத்துப் பார்க்கும் வேலையில் "வந்தது" என்பதும் பொருந்துகிறது, "செய்யுங்கள்" என்பதும் பொருந்துகிறது என்றால், அந்த ஓகேயை நம்பிப் பணத்தைப் போடாதீர்கள், போன் போட்டுக் கேளுங்கள்.

இரண்டாம் படி: பிறந்த கதை

இதைப் படித்த அன்று கடையில் தனியாக உட்கார்ந்து சிரித்தேன்.

1838இல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரத்துப் பத்திரிகைக்காரர்களுக்கு ஒரு விளையாட்டு பிடித்துக்கொண்டது. ஒரு சொற்றொடரை வேண்டுமென்றே தப்பும் தவறுமாக, எழுத்தறிவில்லாதவர் எழுதுவது போல எழுதுவது, பிறகு அதன் முதல் எழுத்துகளை மட்டும் எடுத்துச் சுருக்கமாகப் போடுவது. 'ஆல் ரைட்' என்பதற்கு முறையாக ஏ, ஆர் என்று வர வேண்டும். அவர்கள் 'ஓல்' என்று ஓவில் தொடங்கி, 'ரைட்'டை டபிள்யூவில் தொடங்கி, ஓ.டபிள்யூ. என்று போட்டார்கள். 'நோ யூஸ்' என்பதைத் தப்பாக எழுதிக் கே.ஒய். என்றார்கள். அதே வரிசையில் 'ஆல் கரெக்ட்', அதாவது எல்லாம் சரி, ஏவுக்குப் பதில் ஓ, சிக்குப் பதில் கே போட்டு 'ஓல் கொரெக்ட்' ஆனது. ஓ.கே.!

1839 மார்ச் 23 அன்று 'பாஸ்டன் மார்னிங் போஸ்ட்' பத்திரிகையின் 2ஆம் பக்கத்தில் இது வந்தது. அச்சில் நமக்குக் கிடைத்திருப்பதில் இதுவே முதல் என்று ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். விஷயம் ஒன்றும் பெரியது கிடையாது. மணியடிப்பு எதிர்ப்புச் சங்கம் என்று பாஸ்டனில் பாதி கேலிக்காக நடத்தப்பட்ட ஒரு சங்கம் இருந்தது, அதன் ஆட்களின் பயணத்தைப் பற்றிப் பக்கத்து ஊரான ப்ராவிடன்ஸின் பத்திரிகையைச் சீண்டி எழுதிய ஒரு சின்னப் பத்தி. அதன் நடுவில் ஓ.கே. என்று போட்டு, வாசகருக்குப் புரியட்டும் என்று பக்கத்திலேயே 'எல்லாம் சரி' என்ற பொருளையும் கொடுத்திருந்தார்கள்.

ஆக, எல்லாம் சரி என்று சொல்ல உலகமே பயன்படுத்தும் சொல்லின் இரண்டு எழுத்துமே எழுத்துப்பிழை. ப்ரூஃப் பார்ப்பவனுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

இதெல்லாம் பாஸ்டன்காரர்களின் கிறுக்குத்தனம் என்று நினைக்காதீர்கள், நாம் மட்டும் என்ன ஒழுங்கு? நம் நாட்டில் நன்றி சொல்ல எல்லோரும் என்ன அனுப்புகிறோம்? டி.கியூ.! 'தேங்க் யூ'வில் கியூ எங்கே வந்தது? காதில் விழும் ஓசையைப் பிடித்துக்கொண்டு தப்பான எழுத்தைப் போட்டுச் சுருக்கிவிட்டோம். அதற்கு மேல் மரியாதை வேண்டுமானால் டி.கியூ.வி.எம். மலாய்க்கார நண்பர்கள் 'தாக்', அதாவது இல்லை, என்று எழுத வேண்டிய இடத்தில் ஒரே ஒரு எக்ஸைப் போடுகிறார்கள். 1838ஆம் வருஷத்து பாஸ்டன்காரர் ஒருவரை இன்றைக்குப் பிரிக்ஃபீல்ட்ஸில் இறக்கிவிட்டு ஒரு குடும்ப வாட்ஸ்அப் குழுவில் சேர்த்துவிட்டால் அவருக்குத் தன் ஊரில் இருப்பது போலவே இருக்கும்.

ஆனால் அந்தக் கூட்டத்தில் ஓ.டபிள்யூ. செத்துப்போனது, கே.ஒய். செத்துப்போனது. ஓகே மட்டும் எப்படிப் பிழைத்தது? தேர்தல். 1840இல் அமெரிக்க அதிபர் மார்ட்டின் வான் ப்யூரன் இரண்டாவது முறையாக நின்றார். அவர் பிறந்த ஊர் நியூயார்க் மாநிலத்தில் உள்ள கிண்டர்ஹூக், அதனால் 'ஓல்டு கிண்டர்ஹூக்' என்று ஒரு செல்லப்பெயர். அதன் முதல் எழுத்துகளும் ஓ.கே. ஆதரவாளர்கள் நியூயார்க்கில் ஓ.கே. கிளப் தொடங்கி ஊரெல்லாம் அதைக் கத்தினார்கள். எதிர்க்கட்சி சும்மா இருக்குமா? வான் ப்யூரனுக்கு முன்பு அதிபராக இருந்த ஆண்ட்ரூ ஜாக்சனுக்கு எழுத்துக் கூட்டவே வராது, 'ஆல் கரெக்ட்' என்பதை அவர்தான் ஓ.கே. என்று தப்பாக எழுதிக் கோப்புகளில் கையெழுத்துப் போட்டார் என்று கதை கட்டிவிட்டார்கள். அது சுத்தப் பொய், ஆனால் பொய் ஓடிய வேகத்தில் சொல்லும் ஓடியது. தேர்தலில் வில்லியம் ஹென்றி ஹாரிசன் ஜெயித்து வான் ப்யூரன் வீட்டுக்குப் போனார். ஓகே போகவில்லை.

பிறகு தந்தி வந்தது. மோர்ஸ் தன் கம்பியில் வாஷிங்டனிலிருந்து பால்டிமோருக்குச் செய்தி அனுப்பியது 1844. தந்திக்காரர்களுக்குச் சுருக்கம்தான் உயிர், செய்தி வந்து சேர்ந்தது என்று திருப்பிச் சொல்ல ஓகே அவர்கள் கைக்குத் தோதாக இருந்தது. இங்கேதான் 'எல்லாம் சரி' என்ற பழைய பொருளோடு 'வந்து சேர்ந்தது' என்ற பொருளும் ஒட்டிக்கொண்டது. எங்கள் கடை வாசலில் நின்ற அங்கிள் தனக்குத் தெரியாமலேயே தந்திக்காரர் கட்சி, நான் பத்திரிகைக்காரர் கட்சி. இரண்டுக்கும் ஏறக்குறைய ஒரே வயது.

அதற்கப்புறம் அது போகாத இடம் இல்லை. 1969இல் அப்பல்லோ 11 நிலாவில் இறங்கிய அந்த நொடியில் பஸ் ஆல்ட்ரின் எஞ்சின் நின்றதை அறிவித்தபோது முதலில் வந்த சொல் ஓகே. இணையத்தில் நீங்கள் ஒரு பக்கத்தைத் திறக்கும் ஒவ்வொரு தடவையும், எல்லாம் ஒழுங்காக நடந்தால், அந்தப் பக்கத்தின் சர்வர் உங்கள் கணினிக்கு '200 ஓகே' என்று பதில் சொல்கிறது. கணினித் திரையில் வரும் ஓகே பொத்தானுக்கும் ஒரு கதை உண்டு. ஆப்பிள் நிறுவனம் 1983இல் விற்பனைக்கு விட்ட லிசா கணினியை உருவாக்கிக்கொண்டிருந்தபோது அந்தப் பொத்தானில் 'டூ இட்', செய் என்று எழுதியிருந்தார்களாம். சோதித்துப் பார்க்க வந்த ஒருவர் கோபமாகிவிட்டார். அந்த எழுத்துருவில் பெரிய ஐ எழுத்தும் சின்ன எல் எழுத்தும் ஒரே மாதிரித் தெரிந்ததால் அவர் அதை 'டோல்ட்' என்று படித்திருக்கிறார், மடையன் என்று அர்த்தம். கணினி என்னை ஏன் மடையன் என்கிறது என்று கேட்டாராம். பொத்தான் ஓகே ஆனது. எழுத்துரு தேர்ந்தெடுப்பதில் கவனமாக இருங்கள் என்று நான் வாடிக்கையாளர்களிடம் தலைப்பாடாக அடித்துக்கொள்வது இதற்காகத்தான்.

மூன்றாம் படி: பொய்க் கதைகளைக் கழித்துக்கட்டுவது

ஓகே எங்கிருந்து வந்தது என்று தேடினால் மேலே சொன்ன கதையோடு இன்னும் ஒரு டஜன் கதை வந்து விழும். கிரேக்க மொழியில் 'ஓலா கலா' என்றால் எல்லாம் நலம், அதிலிருந்து வந்தது என்பார்கள். பின்லாந்து மொழியில் 'ஒய்கெயா' என்றால் சரியானது, அதிலிருந்து என்பார்கள். ஸ்காட்லாந்துக்காரர்களின் 'ஓக் ஐ', பிரெஞ்சுத் துறைமுகம், பிஸ்கட் பெட்டியில் குத்திய முத்திரை, ரயில்வே எழுத்தர் ஒருவரின் முதலெழுத்துகள், இப்படிப் போகும்.

பட்டர்வொர்த்தில் இருக்கும் என் சித்தப்பாவுக்கும் ஒரு கதை உண்டு. ஓகே தமிழ்தான் என்று அடித்துச் சொல்வார். 'ஒப்புக்கொள்' என்பதில் ஒ, கொ இரண்டையும் எடு, ஒ-கொ, அதைத்தான் வெள்ளைக்காரன் ஓகே ஆக்கிவிட்டான்! கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. அவர் அப்படி நினைப்பதற்கும் காரணம் இருக்கிறது: மலாயில் கடை 'கெடாய்' ஆகவும், கப்பல் 'காப்பால்' ஆகவும், மீசை 'மீசாய்' ஆகவும், கட்டில் 'காத்தில்' ஆகவும் புழங்குவதைப் பிறந்ததிலிருந்து கேட்டு வளர்ந்தவர். நம் சொல் கடல் தாண்டிப் போகும் என்பது அவருக்குக் கண்ணால் கண்ட உண்மை.

இப்படிப்பட்ட கதை எதுவானாலும் இரண்டு கேள்வி கேளுங்கள். முதல் கேள்வி, வருஷம் ஒத்துவருகிறதா? போரில் அன்று யாரும் சாகவில்லை என்றால் பூஜ்யம் போட்டுப் பக்கத்தில் 'கில்டு' என்பதற்குக் கே போட்டார்கள், அமெரிக்க உள்நாட்டுப் போரில் பிறந்தது ஓகே என்று ஒரு பிரபலமான கதை உண்டு. அந்தப் போர் தொடங்கியது 1861. சொல் அச்சில் வந்ததோ 1839. முடிந்தது கதை, பிஸ்கட் பெட்டிக் கதையும் அதே போரோடு சேர்த்துச் சொல்லப்படுவதால் அதுவும் முடிந்தது. இரண்டாவது கேள்வி, நடுவில் சங்கிலி இருக்கிறதா? கெடாய்க்கு இருக்கிறது: தமிழ் வணிகர்கள் இங்கே வந்தார்கள், கடை போட்டார்கள், நூற்றாண்டுக் கணக்கில் மலாய்க்காரர்களோடு பேசினார்கள். பாஸ்டன் பத்திரிகை ஆபீசில் 'ஒப்புக்கொள்' என்று சொல்ல யார் இருந்தார்கள்? ஓசை ஒத்துப்போவது மட்டும் சாட்சியாகாது, உலகத்தில் இத்தனை ஆயிரம் மொழி இருக்கும்போது இரண்டெழுத்துச் சொல் எங்காவது ஒத்துப்போகத்தான் செய்யும். சித்தப்பாவிடம் இதைச் சொன்னேன். "நீ அச்சடிக்கிற வேலையைப் பாரு" என்றார்.

கொஞ்சம் மரியாதையோடு பார்க்க வேண்டிய கதை ஒன்று: அமெரிக்கப் பழங்குடிகளான சோக்டா மக்களின் மொழியில் 'ஓக்கே' போன்ற ஒலியில், 'அப்படித்தான்' என்ற பொருளில் ஒரு வழக்கு உண்டு. அதிபர் வுட்ரோ வில்சன் இதை நம்பினார், கோப்புகளில் ஒப்புதல் எழுதும்போது சோக்டா முறைப்படியான எழுத்துக்கூட்டலையே போட்டார். வெகுநாள் அகராதிகளும் இதை ஒரு சாத்தியமாகச் சொல்லிவந்தன. பிறகு கொலம்பியா பல்கலைக்கழகப் பேராசிரியர் ஆலன் வாக்கர் ரீட் பழைய பத்திரிகைகளைப் பக்கம் பக்கமாகத் தேடி, 1963, 64இல் வரிசையாகக் கட்டுரைகள் எழுதி, பாஸ்டன் விளையாட்டையும் 1840 தேர்தலையும் நாள் தேதியோடு வைத்தார். ஓ.டபிள்யூ. போன்ற உடன்பிறப்புகளையும் சேர்த்துக் காட்டியதுதான் அவருடைய பலம். தனியாக நிற்கும் சொல்லுக்கு எந்தக் கதையும் ஒட்டவைக்கலாம், குடும்பத்தோடு பிடிபட்ட சொல்லுக்கு முடியாது.

ஒரு வேடிக்கை. பழைய ஆங்கிலச் சொற்களுக்கு "இது இன்னதன் சுருக்கம்" என்று யாராவது சொன்னால் பெரும்பாலும் அது கட்டுக்கதை. முதலெழுத்துகளைச் சேர்த்துச் சொல் செய்யும் பழக்கம் 20ஆம் நூற்றாண்டில்தான் பெருகியது. ஓகே அந்த விதிக்கு விலக்கு, இது உண்மையிலேயே சுருக்கம்.

நான்காம் படி: தமிழில் எப்படி எழுதுவது

ஓகே நம் வாய்க்கு இவ்வளவு சுலபமாகப் படிந்ததற்குக் காரணம் இருக்கிறது. இரண்டு நெடில், ஒட்டெழுத்து இல்லை, உயிரில் தொடங்கி உயிரில் முடிகிறது. 'ப்ளீஸ்' மாதிரி முதலிலேயே மெய்யெழுத்தைத் தள்ளிக்கொண்டு வரவில்லை. ஆனால் எழுதும்போது ஒரு சிக்கல். தமிழில் இரண்டு உயிருக்கு நடுவே ஒற்றைக் ககரம் வந்தால் மெலிந்து ஒலிக்கும், 'அகம்' என்பதையும் 'அக்கம்' என்பதையும் சொல்லிப் பாருங்கள். அந்தக் கணக்கில் 'ஓகே' என்று எழுதினால் 'ஓஹே' என்றுதான் படிக்க வேண்டும், வாயில் வரும் ஓசைக்குச் சரியான எழுத்து 'ஓக்கே'. நான் ஓகே என்றுதான் எழுதுகிறேன், கண்ணுக்குப் பழகிவிட்டது, வாசகர் யாரும் தப்பாகப் படிப்பதில்லை. ஆனால் யாராவது ஓக்கே என்று எழுதினால் திருத்தப் போகாதீர்கள், இலக்கணம் அவர் பக்கம்.

அடுத்தது 'ஓகேயா?' சரியா, 'ஓகேவா?' சரியா. கடையில் இதற்காக ஒரு மத்தியானம் முழுக்கச் சண்டை போட்டிருக்கிறோம். இ, ஈ, ஐ என்ற உயிர்களுக்குப் பின்னால் இன்னொரு உயிர் வந்தால் நடுவில் யகரம் வரும், மற்ற உயிர்களுக்குப் பின்னால் வகரம் வரும். ஏகாரத்துக்கு மட்டும்? "ஏமுன் இவ்விருமையும்" என்கிறது நன்னூல். இரண்டும் வரலாம். ஆகவே ஓகேயாவும் ஓகே, ஓகேவாவும் ஓகே. சண்டை போட்ட இரண்டு பேரும் ஜெயித்தார்கள், டீக்கு யார் காசு கொடுப்பது என்பதுதான் பிரச்சினையாகிவிட்டது.

வினையாக வேண்டுமென்றால் நாம் துணைவினை சேர்த்துக்கொள்கிறோம்: ஓகே பண்ணியாச்சு, லோன் ஓகே ஆயிடுச்சு, பாஸ் ஓகே கொடுத்துட்டார். இதில் 'ஆனது' என்றால் தானாக நடந்தது போல, 'பண்ணினார்' என்றால் ஒருவர் பொறுப்பு. வீட்டுக் கடன் விஷயத்தில் பேங்க்காரர் "ஓகே ஆயிடும்" என்று சொன்னால் யார் பண்ணுவார் என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். 'ஓகேதான்' என்று தான் சேர்ந்தால் தரம் ஒரு படி இறங்குகிறது. 'ஓகே ஓகே' என்று இரட்டித்தால் புரிந்தது, நிறுத்து என்று அர்த்தம், பெரியவர்களிடம் வேண்டாம். அழைப்பிதழிலும் சங்கக் கடிதத்திலும் ஓகேக்கு இடமில்லை, அங்கே 'ஒப்புதல்', 'இசைவு' இருக்கின்றன.

ஐந்தாம் படி: நம் ஊர் வால்கள்

கோலாலம்பூரில் ஓகே தனியாக வருவது குறைவு, பின்னால் ஒரு வால் இருக்கும், அர்த்தம் முழுக்க அந்த வாலில்தான் இருக்கும். "ஓகே லா" என்றால் விட்டுக்கொடுத்துச் சம்மதிப்பது, கடைக்காரர் இரண்டு வெள்ளி (ரிங்கிட்) குறைக்கும்போது சொல்வது. "ஓகே வாட்" என்றால் நன்றாகத்தானே இருக்கிறது, உனக்கு என்ன குறை என்று திருப்பி அடிப்பது. மலாய்க்காரர்கள் "ஓகே ஜே" என்பார்கள், அந்த ஜே 'சஹாஜா'வின் குறுக்கம், சுமார்தான், பெரிதாக ஒன்றுமில்லை என்ற தொனி. எங்களுக்குப் பேப்பர் சப்ளை செய்யும் கம்பெனியில் இருக்கும் ஒரு கக்கிடம் (மலாய்க்கார அக்காவிடம்) "ஓகே தாக்?" என்று கேட்பேன், ஓகேயா இல்லையா என்று இரண்டையும் முன்னால் வைக்கும் கேள்வி அது, எனக்கு ரொம்பப் பிடித்தது, ஏனென்றால் அதற்குப் பதில் மழுப்ப முடியாது. எழுதும்போது மலாயில் கடைசியில் இ, ஒய் போட்டு 'ஓகே' என்று தனக்கென ஓர் எழுத்துக்கூட்டலே வைத்திருக்கிறார்கள்.

வெளியூரிலிருந்து வருபவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. கார் நிறுத்துமிடத்தில் ஓ.கே.யூ. என்று எழுதியிருந்தால் "யூ நிறுத்தலாம், ஓகே" என்று எடுத்துக்கொண்டு வண்டியை விட்டுவிடாதீர்கள். அது 'ஓராங் குராங் உப்பாயா', மாற்றுத்திறனாளிகளுக்கான இடம். நீதிமன்றச் செய்திகளில் வரும் ஓ.கே.டி.யும் அப்படித்தான், 'ஓராங் கெனா தூடு', குற்றம் சாட்டப்பட்டவர்.

ஆறாம் படி: ஆங்கிலத்தில் எழுதும்போது

இதில் அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. இரண்டு பெரிய எழுத்தாகப் போட்டாலும் சரி, ஓ-கே-ஏ-ஒய் என்று நான்கு எழுத்தாகப் போட்டாலும் சரி, இரண்டும் ஏற்கப்பட்டவை, ஒரே கடிதத்தில் மாற்றி மாற்றிப் போடாமல் இருந்தால் போதும். இறந்தகாலம் வேண்டுமென்றால் நாலெழுத்து வடிவம்தான் பார்க்க அழகு. பெயர்ச்சொல்லுக்கு முன்னால் வைத்தால், ஓகே ரெஸ்டாரண்ட், ஓகே டாக்டர் என்று, அது கிட்டத்தட்ட குறை சொல்வது. மேலதிகாரிக்கு வெறும் 'கே' என்று ஒற்றை எழுத்து அனுப்பாதீர்கள், கோபத்தில் இருப்பதாக நினைப்பார். இரண்டு 'கே' போட்டால் என்னவோ சிரித்த முகம் ஆகிவிடுகிறது, ஏன் என்று கேட்காதீர்கள்.

கையால் காட்டும் ஓகேயும் உண்டு, கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் வளையமாகச் சேர்வது. ஜப்பானில் அது காசு, பிரேசிலில் கெட்ட வார்த்தை. பெர்ஹெந்தியானிலோ தியோமானிலோ ஸ்கூபா கற்கப் போகிறவர்கள் முதலில் படிப்பது இந்த வளையம்தான், தண்ணீருக்கு அடியில் "நான் நலம்" என்று காட்ட. அங்கே கட்டைவிரலை மட்டும் உயர்த்திவிடாதீர்கள், மேலே போகலாம் என்று அர்த்தம், கூட வந்தவர் உங்களைக் கூட்டிக்கொண்டு மேலே ஏறிவிடுவார், கட்டிய காசு வீண்.

ஏழாம் படி: ஓகேயைப் பணத்தோடு சேர்க்கும்போது

கட்டைவிரல் என்றதும் ஞாபகம் வருகிறது. கனடாவின் சாஸ்கட்செவன் மாநிலத்தில் ஒரு விவசாயிக்குத் தானிய கம்பெனி ஒன்று ஆளிவிதை வாங்கும் ஒப்பந்தத்தைப் போனில் படமாக அனுப்பி, உறுதிப்படுத்தச் சொன்னது. அவர் ஒரு கட்டைவிரல் பொம்மையைத் திருப்பி அனுப்பினார். குறித்த காலத்தில் ஆளிவிதை வரவில்லை, விலை ஏறிவிட்டது, வழக்கு நீதிமன்றம் போனது. விவசாயி என்ன சொன்னார் தெரியுமா? ஒப்பந்தம் வந்து சேர்ந்தது என்று சொல்லத்தான் கட்டைவிரல் போட்டேன், சம்மதம் என்று சொல்லவில்லை. அப்படியே நம் அங்கிள்! ஆனால் அதற்கு முந்தைய ஒப்பந்தங்களுக்கு அவர் போட்ட பதில்களை நீதிபதி எடுத்துப் பார்த்தார், 'ஓகே', 'யப்' என்ற அளவில் ஒற்றைச் சொல்தான் இருந்தது, அப்போதெல்லாம் சரக்கு ஒழுங்காகப் போயிருந்தது. ஆகவே கட்டைவிரலும் கையெழுத்துதான் என்று 2023இல் தீர்ப்பு, 82,000 கனடிய டாலருக்கு மேல் கட்ட வேண்டியதாயிற்று.

இதை எங்கள் முதலாளியிடம் காட்டினேன், நாமும் பாதிச் செலவு கொடுத்திருக்க வேண்டியதில்லையோ என்று. அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "கல்யாண வீட்டுக்காரர் மேல கேஸ் போட்டா செந்தூல்ல யாருடா நம்மகிட்ட கார்டு அடிப்பாங்க?" என்றார். சரி.

இப்போது நாங்கள் செய்வது இது. ப்ரூஃப் அனுப்பும்போது கூடவே நான்கு கேள்வியும் போகிறது: பெண் பெயர், மாப்பிள்ளை பெயர் எழுத்தெழுத்தாகப் படித்தீர்களா, தேதியும் கிழமையும் நாள்காட்டியோடு ஒத்துப்போகிறதா, முகூர்த்த நேரம் சரியா, மண்டபத்து விலாசம் சரியா. நான்குக்கும் தனித்தனியாகப் பதில் வந்தால்தான் மெஷின் ஓடும். முழுதும் பார்த்துவிட்டு "அச்சடிக்கலாம்" என்று எழுதச் சொல்கிறோம், ஓகே என்று போட்டால் திரும்பக் கேட்கிறோம், சிலர் எரிந்து விழுகிறார்கள், பரவாயில்லை.

அந்த அங்கிள் போன மாதம் இரண்டாவது பெண்ணுக்குக் கார்டு அடிக்க வந்தார். ப்ரூஃப் அனுப்பினேன். கால் மணி நேரம் கழித்துப் பதில் வந்தது, நான்கு கேள்விக்கும் ஒவ்வொரு வரியாக, பெண்ணின் பெயரை எழுத்துக் கூட்டி, கடைசியில் "அச்சடிக்கலாம் தம்பி" என்று. 'அச்சடிக்கலாம்' என்பதில் ஒரு 'ச்' விட்டுப்போயிருந்தது.